திரும்ப வந்தவர், புதியவர்

தன் வீட்டுக்குள் வருவதற்கு இன்னாசி அனுமதி கேட்டான்.

"உள்ள வரலாமா?"

கதவு திறந்துதான் கிடந்தது. ஃப்ளோரன்ஸ் வாசலுக்கு முதுகைக் காட்டி, காதில் ஹெட்போனும் எதிரில் ஆபீஸ் லேப்டாப்புமாகப் பொள்ளாச்சிப் பெரியவர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். 'கைச்செலவு' என்கிற வரவு செலவுத் தளத்தில் அவளுக்கு வேலை. வீட்டுச் செலவை எழுதி வைத்துக்கொள்ள வருகிறவர்களின் சந்தேகங்களைத் தீர்த்து வைக்க வேண்டும். ஆபீஸ் வண்ணாரப்பேட்டையில். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் இன்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சைட்டைத் திறந்ததும் ஏற்கிறேன்னு ஒரு பட்டன் வருதே, எதைம்மா ஏத்துக்கச் சொல்றீங்க?" என்றார் பெரியவர்.

"குக்கீ சார். சலவைக்குப் போடற துணியில ஓரமா மையால குறி போடுவாங்க இல்லையா, அந்த மாதிரி உங்க போன்ல ஒரு குறி போட்டு வெச்சுருவோம். மறுபடி நீங்க வந்தா, நம்ம ஆளுதான்னு தெரிஞ்சுரும்."

"குறி அழிஞ்சு போச்சுன்னா?"

"அப்பவும் ஓரளவு கண்டுபிடிச்சுரும் சார். எங்க நிக்கறீங்க, எதை ரொம்ப நேரம் பாக்கறீங்க, எப்படி டைப் பண்றீங்க, எல்லாத்தையும் கவனிக்கும்."

"வேண்டாம்னு சொல்ல முடியாதா?"

"அதுக்கும் பட்டன் இருக்கு சார். யாரும் அதை அமுக்கறதில்ல."

"உள்ள வரலாமா?" என்று வாசலிலிருந்து மறுபடியும் குரல் வந்தது. முதல் தடவை கேட்ட அதே தொனி, அதே இழுப்பு, அச்சு மாறவில்லை.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினாள். "வாய்யா! உன் வூட்டுக்கு வர உனக்குப் பத்திரிகை வெச்சு அழைக்கணுமா?"

அதற்குப் பிறகுதான் அவன் வந்தான். தலையில் ஈரத்துண்டைப் போட்டு முகம் மறைய இழுத்துவிட்டிருந்தான். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவளைக் கடந்து போகும்போது ஒரு வாடை வந்தது. இன்னாசியின் வழக்கமான வாடை அவளுக்கு அத்துப்படி: டீசல், வேர்வை, வண்டியில் தொங்கும் எலுமிச்சை அட்டை. இது வேறு. வெகுநாள் பூட்டிக் கிடந்த காலிக் கன்டெய்னரைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, துருவும் ஊறிய பலகையும், அதற்குள் எப்போதோ செத்துக் காய்ந்த எலியும் கலந்த ஒன்று, அது. மழையில் நனைந்து வந்திருக்கிறான், அவன் ஓட்டுவதும் அதே கன்டெய்னர்தானே என்று அவள் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவன் வருவான் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் எறும்பு வரிசையாக நிற்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதுசில்லை. உள்ளே போகும் முறை வருவதற்குள் டிரைவர்கள் அந்தச் சாலையிலேயே தின்று, தூங்கி, சண்டை போட்டு, சமாதானமாகியும் விடுவார்கள். வரிசையை விட்டு வண்டி வெளியே வந்தால் இடம் போச்சு. அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டுக்குப் போகிறவன் சாவியை வண்டியிலேயே விட்டுப் போவான், பின்னால் நிற்கிறவன் தன் வண்டியோடு அதையும் நகர்த்திக்கொண்டு வருவான். காலையில் இன்னாசி சொல்லியிருந்தான்: "பின்னால ஜாபர் பாய் வண்டி கீது. அவர் கைல உட்டுட்டு பாப்பாவ பாக்க வந்துர்றேன்."

பாப்பா என்றால் ரோஸ்மேரி. ஒன்றாம் வகுப்பு. திருவொற்றியூரில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிற அதே காய்ச்சல்தான். உள் அறையில் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். அந்த அறையின் பல்பு நேற்றே போய்விட்டது. அப்பாவின் பழைய போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கைச்செலவில் உண்டியலைத் தட்டினால் காசு விழும் சத்தம் கேட்கும், அது அவளுக்கு விளையாட்டு.

இன்னாசி குழந்தையிடம் போகவில்லை. கூடத்து மேசையில் இருந்த வீட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான். வந்ததும் அன்றைய டீச்செலவை எழுதிவிட்டுத்தான் மறுவேலை என்று அவனுக்கு அவளே பழக்கியிருந்தாள். திரையின் நீல வெளிச்சம் துண்டின் விளிம்பில் படிந்து நின்றது. வெளியே லாரிகள் உறுமி நகர்வதும் நிற்பதுமாக இருக்க, ஜன்னல் கண்ணாடிகள் அதற்குத் தக்கபடி அதிர்ந்தன. தகரக் கூரைகளில் மழை ஒரே சீராகக் கொட்டியது.

பெரியவர் திருப்தியாகி போனை வைத்தபோது அவன் மேசையில் இல்லை. குளியலறைத் தாழ் விழுந்தது. குவளையால் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"பாப்பாவ பாக்கலியாய்யா?"

"குளிச்சுட்டு வர்றேன்," என்றது குரல். தொண்டை கட்டியிருக்கும் போல.

ஃப்ளோரன்ஸ் வருகைப் பலகையைத் திறந்தாள். ஆபீஸ்காரர்கள் மட்டும் பார்க்கும் பக்கம் அது. தளத்துக்குள் யார் வந்தார்கள், எந்தக் கருவியிலிருந்து, எந்த இடத்தில் தயங்கினார்கள் என்பதெல்லாம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டுமானால் ஒருவர் திரையில் செய்ததைப் படம்போல ஓட்டியும் பார்க்கலாம். ஊராரின் தயக்கங்களைப் பார்ப்பதுதான் வேலை என்றாலும், நடுவில் தன் வீட்டை ஒரு நோட்டம் விடுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. வீட்டு லேப்டாப், இன்னாசியின் போன், பாப்பாவின் பழைய போன் மூன்றும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இன்னாசியின் போன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு வரி வந்து விழுந்தது.

செலவு விவரம் எழுத வேண்டிய கட்டத்தில்தான் அவளும் இன்னாசியும் பேசிக்கொள்வார்கள். கன்டெய்னர்களுக்கு நடுவில் மாட்டினால் போனில் குரல் போய்ச் சேராது, எழுத்து எப்படியாவது நுழைந்து வந்துவிடும். வாட்ஸப்பில் அவனுக்கு இருக்கிற நூற்றெட்டு குரூப்புக்குள் அவள் சொல்வது முங்கிப்போகும் என்று அவள்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தாள்.

'பாப்பாக்கு காச்சல் எப்டி கீது. வண்டி நவுரவே மாட்டேங்குது. பேஜாரா கீது.'

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. போனை லாரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான், ஜாபர் பாய் விளையாடுகிறார். அவள் எழுதினாள்: 'பாய், விளையாடாதீங்க. அவர் இங்க வந்துட்டாரு.'

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

'யாரு வந்துட்டாங்க. நான் வண்டிலதான் கீறேன். ஜாபர் பாய் மதியமே வண்டிய திருப்பிகினு பூட்டாரு. பின்னால யாரோ புது ஆளு. மூஞ்ச கூட பாக்கல.'

அதைப் படித்தபோதுகூட அவளுக்கு பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எவனோ போனை எடுத்து வைத்துக்கொண்டு இன்னாசி மாதிரியே எழுதுகிறான், எவனாவது தோஸ்தாகத்தான் இருக்கும். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அந்தப் போனின் திரையை ஓட்டிப் பார்த்தாள்.

கட்டத்தைத் தொட்ட இடம் சிவப்புப் புள்ளியாக விழுந்தது. இடது ஓரத்தில். பிறகு ஒவ்வோர் எழுத்துப் பொத்தானிலும் இடது விளிம்பிலேயே பட்டு, நிதானமாக, 'ச'வுக்குப் பதில் 'ஞ' விழுந்து அழித்து, மறுபடி 'ச'. போன வருஷம் கன்டெய்னர் பூட்டில் நசுங்கியதிலிருந்து இன்னாசியின் வலது கட்டைவிரல் மடங்காது. இடது விரலால் இப்படித்தான் தடவித் தடவி எழுதுவான், இதே எழுத்தில் இதே மாதிரி தடுக்குவான். இந்தத் தடுமாற்றத்தை நடித்துக்காட்ட ஊரில் யாராலும் முடியாது. பலகையும் அந்த வரிக்குப் பக்கத்தில் சொன்னது: 'திரும்ப வந்தவர்.'

அவள் அடுத்த வரிக்கு இறங்கினாள்.

அதற்குக் கீழ்வரி வீட்டு லேப்டாப். கருவியின் குறி பழையதுதான், சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில், அந்தக் கருவியைத் தொட்ட கையைப் பற்றித் தளம் தன் கணிப்பை எழுதியிருந்தது.

'புதியவர்.'

அவள் ஹெட்போனை இன்னும் கழற்றவில்லை. அந்தத் திரையையும் ஓட்டினாள். சற்று முன் அவன் உட்கார்ந்திருந்த நேரம். செலவுக் கட்டத்துக்குள் அம்புக்குறி போகவேயில்லை. மேலிருந்து கீழே ஒரே கோடாக, ஒரு நடுக்கமும் இல்லாமல், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இறங்கியது. 'குடும்பத்தினர்' என்ற பக்கத்தைத் திறந்தது. ஃப்ளோரன்ஸ் பெயரைத் தாண்டியது. இன்னாசியின் படத்தில் நின்றது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருந்த முகத்தை அம்புக்குறி மெதுவாக வரைந்தது: நெற்றி, மூக்கு, மீசையின் இரண்டு முனை, தாடை. வரைந்து முடித்து, விட்ட இடம் எங்கே என்று பார்ப்பது போல மறுபடி வரைந்தது. பிறகு ரோஸ்மேரியின் படத்துக்குப் போனது.

அங்கே வெகுநேரம் நின்றது. கன்னத்தை வரைந்தது, இரட்டைப் பின்னலை வரைந்தது, உதட்டை வரைந்தது. திரும்பத் திரும்ப. மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி.

ஃப்ளோரன்ஸ் ஹெட்போனைக் கழற்றினாள்.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. ஒரு குவளை. இடைவெளி. ஒரு குவளை. அதே இடைவெளி. அவன் உள்ளே போனதிலிருந்து அந்த இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று தண்ணி லாரி வரவில்லை. குளியலறை டிரம்மைச் சாயங்காலம் அவளே கவிழ்த்துக் கழுவி வைத்தாள். கவிழ்த்த டிரம் கவிழ்த்தபடியே கிடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மாதாவே, மாதாவே என்று உதடு தானாக முணுமுணுத்தது. கத்தினால் கேட்டுவிடும். கீழ்வீட்டில் ஆளில்லை, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இன்னாசிக்கு போன் போட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கட்டத்தில் எழுதினாள், விரல் வழுக்கியது.

'எங்க கீற.'

'ஐஸ் பேக்டரி எதிர்ல. இன்னாமே ஆச்சு.'

அவள் போனும் கையுமாக எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அப்படியே நின்றாள். வெளியே லாரி ஒன்று ஏர் பிரேக்கை விட்டுப் பெருமூச்சு விட்டது. ஜன்னல் அதிர்ந்து அடங்கியது.

மறுபடி தண்ணீர். ஒரு குவளை. இடைவெளி.

உள் அறைக்குள் போனாள். கும்மிருட்டு. குளியலறையும் அந்த அறையும் ஒரே நடையில்தான் இருக்கின்றன, நடுவில் ஒரு திரைச்சீலை. சீலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டாள், வேறெதையும் நினைக்கும் தெம்பு அவளுக்கு இல்லை. கட்டிலைத் தடவினாள். போர்வைக்குள் குழந்தை தலையோடு கால் மூடிக்கொண்டு கிடந்தது. போர்வையோடு அப்படியே வாரித் தோளில் போட்டாள். குழந்தை முனகவில்லை. இரண்டு கைகளும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. நெற்றி அவள் கழுத்தடியில் பட்டது, சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. அந்த அவசரத்திலும் அவளுக்குக் கண்ணீர் வந்தது. தாயே, காய்ச்சலை இறக்கிவிட்டாயே.

கூடம். வாசல். கதவை இழுத்து வெளித்தாழ் போட்டாள், பூட்டும் போட்டாள். என்னவாக இருந்தாலும் உள்ளேயே கிடக்கட்டும்.

படி. மழை. சந்து. முழங்கால் நனைய நனைய ஓடினாள். மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று தானாக வந்து நின்றது. பின்சீட்டில் மீன்கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமா, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லியா? போத்தி எடுத்துகினு போற?"

"காய்ச்சல்கா. இப்பதான் விட்டுது."

"கால் நனைது பாரு," என்று அந்த அம்மா போர்வையை இழுத்துவிடக் கையை நீட்டினாள். போர்வைக்குள்ளிருந்த காலில் கை பட்டது. சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரத்திலேயே, கடையும் இல்லாத வீடும் இல்லாத ஒரு சுவர் ஓரத்தில், கொட்டும் மழையில் கூடையோடு இறங்கிக்கொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார், பிறகு கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

ஃப்ளோரன்ஸுக்கு அதையெல்லாம் கவனிக்க எங்கே நேரம்? ஆட்டோவுக்கு வெளியே லாரிகள், லாரிகள். குழந்தையின் முதுகை விடாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லடி கண்ணு. அப்பாகிட்ட போறோம். நெசமான அப்பாகிட்ட போறோம்." தோளில் முகம் ஆமாம் என்பது போல மேலும் கீழும் அசைந்தது.

ஐஸ் பேக்டரி எதிரில் இறங்கினாள். அவனுடைய நீல வண்டி. கேபினில் விளக்கு எரிந்தது. உள்ளே இன்னாசி போனைத் திரும்பத் திரும்பக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மடங்காத கட்டைவிரல் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் வெடித்தது.

அவன் கதவைத் திறந்து குதித்தான். "ஃப்ளோரா! இன்னாமே, இந்த மழைல பாப்பாவ தூக்கினு வந்துகிற? இன்னா ஆச்சு?"

"வூட்டுல… வூட்டுல உன்ன மாதிரியே…" வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். "பூட்டிட்டு வந்துட்டேன்யா. உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

"சரி, அழாத. நடுங்குற பாரு. பாப்பாவ இப்டி குடு." இரண்டு கைகளையும் நீட்டினான்.

அவள் கையில் இருந்த போன் அதிர்ந்தது. கைச்செலவிலிருந்து அறிவிப்பு. பாப்பாவின் பழைய போனிலிருந்து ஒரு புதிய வரி. எழுதத் தெரியாத குழந்தை மைக் பொத்தானை அமுக்கிக்கொண்டு பேசியிருக்கிறது, தளம் அதை எழுத்தாக்கி அனுப்பியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன குறிப்பு: 'திரும்ப வந்தவர்.'

'அம்மா நீ எங்க போன. கதவு தொறக்க மாட்டேங்குது. நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுகினேன். அப்பா வந்து என் எடத்துல என் போர்வைய போத்திகினு பட்த்துகினாரு. நீ அவர தூக்கினு போய்ட்ட.'

படித்தாள். மழைத்துளி விழுந்து எழுத்து பெரிதாகிக் கலங்கியது. துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"குடுமே," என்றான் இன்னாசி, கையை நீட்டியபடியே.

அவள் அசையவில்லை. தோளில் கனம் கூடவில்லை. இடுப்பருகே தொங்கிக்கொண்டிருந்த கால்கள் மட்டும் மெல்ல நீண்டன. அவள் தொடையை உரசின. முழங்காலைத் தாண்டின. ஆடுசதையை ஒட்டி ஈரமாக, சில்லென்று இறங்கின.

இன்னாசியின் கைகள் தாமாகக் கீழே விழுந்தன. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேல், போர்வை விலகிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாலையில் ஓடிய மழைநீரில் இரண்டு பாதங்கள் ஊன்றி நின்றன. கழுத்தைக் கட்டிய கைகள் விடவில்லை.